கிழக்கில் முதலில் இருட்டும்

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன், பங்காளி. உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவன், உன் ரேடியோவைத் துண்டில் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன். உன் வீட்டுக்காரம்மா பார்த்துவிட்டது. "எடுத்துட்டுப் போங்கண்ணே, கரகரன்னு இல்லாம வூடு நிம்மதியா இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னது.

இன்று சாயங்காலம் பேட்டரி மாற்ற அதன் மூடியைக் கழற்றினேன். உன் மூக்குப்பொடி வாடை வந்தது.

மூன்று நாளாகச் சிற்றலையில் ஒரு குரல் வருகிறது. புரியாத பாஷையில், மனப்பாடம் ஒப்பிக்கிற மாதிரி, எதையோ எண்ணிக்கொண்டே போகிறது. பட்டாளத்துக் குரல்தான். எந்தப் பக்கத்துப் பட்டாளம்? மேற்கு எல்லையில் பட்டாளத்தில் இருக்கிற என் மருமகனிடமிருந்தும் அதே மூன்று நாளாகப் போன் இல்லை. மகள் சரியாகச் சாப்பிடவில்லை.

நான் நாலாங்கிளாஸ், நீ அஞ்சாங்கிளாஸ். அந்த ஒரு கிளாஸ் திமிரில்தான் எனக்குச் சொல்வாய்: "கெழக்குல மொதல்ல இருட்டும்டா. இங்க வெளிச்சம் இருக்கறப்பவே கேட்டா ஸ்டேஷன் கெழக்க. நமக்கு இருட்டுனப்பறம் மெதுவா ஏறுனா மேக்க."

அதே வாயால்தான் 'டிக் டிக்' என்ற ஒரு சத்தத்தைச் சீனாக்காரன் சிக்னல் என்றாய். தா.பழூரிலிருந்து பஸ் மாறிக் குரும்பலூர் வந்தேன். ரேடியோவைத் தூக்கிக்கொண்டு நடக்க நடக்கச் சத்தம் ஏறியது. கடைசியில் உன் மக்காச்சோளக் கொல்லையில், காட்டுப்பன்றிக்குப் போட்ட சோலார் மின்வேலியில் போய் நின்றோம்.

"டேய், சீனாக்காரன் கொல்லைக்கே வந்துட்டான். சோளம் ஒடிக்கக் கூப்புடு" என்று சிரித்தேன்.

"வேலிக்கு அந்தாண்ட நெசமாவே ஒருத்தன் இருந்தான் பங்காளி. நீ சிரிச்ச சிரிப்புல ஓடிட்டான்" என்றாய்.

இன்று மாடியில் நின்றேன். வெளிச்சம் இருந்தவரை குரல் வந்துவிடக் கூடாதா என்று இருந்தது. வரவில்லை. நன்றாக இருட்டிய பிறகு மெதுவாக ஏறியது. மேற்கு. நீ இருந்தால் தப்பாக எதையாவது சொல்லி என்னைத் தேற்றியிருப்பாய். நீ சொன்னதில் சரியானது மட்டும்தான் என்னிடம் மிச்சம் இருக்கிறது.

கீழே இறங்கினேன். மகள் சோறு போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"அவரு பேசினாருப்பா. டவர் விழுந்துடுச்சாம், நல்லாருக்காராம். ஒங்ககிட்ட பேசணும்னு பத்து நிமிஷம் லைன்லயே இருந்தாரு. கீழேருந்து கத்துனேனே, கேக்கலியா?"

"கேக்கல" என்றேன். ஹெட்போன் மாட்டியிருந்தேன்.