எஸ்தர் கையில் கட்டிய பட்டை

ஜூலை 8, செவ்வாய்

காலையிலேயே சுட்டெரிக்கும் வெயில். ஸ்கூட்டி எத்தனை உதைத்தும் கிளம்பவில்லை. ஷேர் ஆட்டோவில் பள்ளிக்கு. மடியில் பட்டைகள் நிறைந்த அட்டைப்பெட்டி, பக்கத்தில் தோல் மூட்டையோடு ஒருவர். மூக்கைப் பொத்தக்கூடக் கை இல்லை.

எட்டாம் வகுப்புப் பெண்களுக்கு இன்று கட்டியாகிவிட்டது. கைக்கடிகாரம் போலத்தான், ஆனால் மணி தெரியாது. ஒரு வாரம் கையிலேயே இருக்க வேண்டும். எப்போது தூங்கினார்கள், எத்தனை முறை விழித்தார்கள், நாடித்துடிப்பு, ரத்தத்தில் பிராணவாயு, எல்லாம் பதிவாகும். வேலூரில் டாக்டர் மேடம் நடத்தும் ஆய்வு. ஆம்பூர்ப் பள்ளிகள் என் பொறுப்பு. கட்டுவது, கழற்றுவது, சார்ஜ் போடுவது, லேப்டாப்பில் இறக்கிப் பார்ப்பது.

கேட்ட கேள்விகள்:

"கனவு கூட தெரியுமா மிஸ்?" (பெரிய சிரிப்பு.)

"போர்வைக்குள்ள ஃபோன் பாத்தா காட்டிக் குடுத்துருமா?"

கடைசி பெஞ்ச் எஸ்தர் மட்டும் சிரிக்கவில்லை. "தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வந்தா தெரியுமா மிஸ்?" தெரியும் என்றேன். தலையாட்டிவிட்டுக் கையை நீட்டினாள். கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

திரும்பும்போது செருப்பு வார் அறுந்தது. ஊரே ஷூ தைக்கிறது, அறுந்த செருப்பைத் தைக்க ஒரு ஆள் கிடைக்கவில்லை.

ஜூலை 10, வியாழன்

மழை வருவது போல் வந்து போனது.

ஒரு அம்மாவின் ஃபோன். "பட்டை கட்டிகிறதால பாத்திரம் தேய்க்க மாட்டேங்குறா மிஸ். தண்ணி படக்கூடாதாமே?" படலாம், ஒன்றும் ஆகாது என்றேன். பின்னாலிருந்து "ஐயோ மிஸ்!" என்று ஒரு குரல். நாளை அந்தப் பெண் முகத்தில் விழிக்க முடியாது.

ஸ்கூட்டிக்குப் புது பேட்டரி. பல் வலி கம்மி. நல்ல நாள்.

ஜூலை 15, செவ்வாய்

பட்டைகள் எல்லாம் திரும்பி வந்தன, ஒன்றுகூடத் தொலையவில்லை! ஒன்றில் மட்டும் நெயில் பாலிஷ் பூ.

மத்தியானம் முழுக்க லேப்டாப். பெரும்பாலும் எதிர்பார்த்ததுதான். தாமதமாகப் படுப்பது, ஞாயிறன்று சேர்த்து வைத்துத் தூங்குவது.

எஸ்தருடையதைத் திறந்ததும் கையிலிருந்த பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டேன். எல்லா ராத்திரியும் அப்படி. தூக்கம் துண்டு துண்டாக, பிராணவாயு இறங்கி ஏறி, இறங்கி ஏறி. விடியும் முன்பே விழிப்பு. அந்தச் சின்ன உடம்பிலா இத்தனை? டாக்டர் மேடத்துக்கு அனுப்பினேன். உடனே ஃபோன். "ரேவதி, இது சின்னப் பொண்ணோட பதிவு மாதிரியே இல்லையே. நாளைக்கே அவகிட்டயும் வீட்லயும் பேசுங்க."

ஜூலை 16, புதன்

இன்று நடந்ததை எல்லாம் எழுதிவிட வேண்டும்.

இடைவேளையில் எஸ்தரை லேப் வராந்தாவுக்குக் கூப்பிட்டேன்.

"தூங்கும்போது மூச்சு முட்டுதாம்மா உனக்கு?"

"ரொம்ப மோசமா இருக்குதா மிஸ்?"

"பயப்படாத. டாக்டர பாத்தா சரியாகிடும்."

"நெஜமா சரியாகிடுமா?" கண் நிறைந்துவிட்டது. "அது என்னுது இல்ல மிஸ். எங்கப்பாவுது."

அவள் அப்பா தேவராஜ், ஷூ கம்பெனி பஸ் டிரைவர். விடியும் முன்பே பேரணாம்பட்டுப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போய் வேலைக்கு வரும் பெண்களை ஏற்றி வருகிறார். ஒவ்வொரு ராத்திரியும் அவர் தூங்கியதும் இவள் தன் பட்டையைக் கழற்றி அவர் கையில் கட்டியிருக்கிறாள். "அலாரம் அடிச்சாலும் எழுந்துக்க மாட்டாரு. நான்தான் எழுப்புவேன். எழுப்பும்போதே கழட்டிக்குவேன்."

ஏன் என்று கேட்டேன். கோடை லீவில் ஒருநாள் அப்பாவோடு பஸ்ஸில் போயிருக்கிறாள். ஏரிக்கரை வளைவில் அப்பாவின் தலை தொங்கியதாம். வண்டி கரை ஓரத்துக்கே போய்விட்டது. பெண்கள் கத்திய கத்தலில் விழித்துத் திருப்பினாராம்.

"நாய் குறுக்க வந்திச்சுன்னு அப்பா சொன்னாரு. எல்லாரும் நம்பிட்டாங்க. நாயே இல்ல மிஸ்."

ஒரு வாரப் பதிவு வீண். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த பஸ்ஸில் வரும் பெண்களைத்தான் நினைத்தேன்.

டாக்டர் மேடத்துக்கு ஃபோன் போட்டு எல்லாம் சொன்னேன். "அந்தப் பதிவ ஆய்விலேர்ந்து எடுத்துடுங்க. அந்த மனுஷன வண்டியிலேர்ந்து இறக்குங்க. இன்னிக்கே."

மாலை அவர்கள் வீடு, ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். அப்பாவும் அம்மாவும் ஒன்றாக வந்தார்கள். அம்மா சுகந்திக்கு அதே கம்பெனியில் தையல் பிரிவு, விடியும் முன்பே கிளம்பும் அவர் பஸ்ஸில்தான் போவதும் வருவதும். தேவராஜ் கழுத்து தடித்த, சிரித்த முகமான ஆள். "கொறட்ட விடாத டிரைவர் யாரு மேடம்?" லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினேன். வரைகோட்டின் ஒவ்வொரு பள்ளமும் மூச்சு அடைபட்ட இடமாக இருக்கலாம் என்றேன். சிரிப்பு நின்றது.

"இது கம்பெனிக்குத் தெரிஞ்சா சாவிய வாங்கிடுவாங்க. வண்டி ஓட்றது தவிர எனக்கு இன்னா தெரியும்?"

லேப்டாப்பை மெதுவாக மூடினேன்.

மகள் பக்கம் திரும்பினார். "நீ ஏன்டி இத பண்ண?"

"நாயே இல்லப்பா."

அவர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். சுகந்திதான் கணவரைப் பார்த்துப் பேசினார், கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல். "நான் எதுக்கு தெனம் இன்ஜின் பக்கத்துல உக்காந்து வாய் ஓயாம பேசிகினு வர்றேன்னு நெனச்ச? இத்தினி வயசுல இன்னும் கொஞ்சிக்கிறாங்கன்னு பொம்பளைங்க கிண்டல் பண்றாளுங்க. பேச விஷயம் தீந்துபோய் சீரியல் கதைய நானே கட்டி விட்டுகினு வர்றேன். அன்னிக்கி ஒருநாள் பின்னாடி சீட்ல உக்காந்தேன். அன்னிக்கிதான் அந்த ஏரிக்கர."

"உனக்கு பேச்சு ஜாஸ்தின்னு நெனச்சேன்," என்றார் தேவராஜ்.

"எனக்கா!"

எஸ்தர் சிரித்துவிட்டாள், அழுதுகொண்டே. அவரும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துப் பார்த்தார். "காலைல வேற ஆள அனுப்பச் சொல்லிட்றேன். மேனேஜர்கிட்ட நானே பேசிக்கறேன். நீங்க வர வேணாம் மேடம்."

டீ தந்தார்கள். சர்க்கரை ஜாஸ்தி. முழுதும் குடித்தேன்.

ஜூலை 17, வியாழன்

காலையிலிருந்து ஃபோனையே பார்த்தபடி. வேலை போய்விட்டால்? நான் போய்க் கெடுத்ததாகத்தானே ஆகும்?

பத்து மணிக்குச் சுகந்தி அக்கா. "மேனேஜர் மொதல்ல கத்துனாராம். அப்பறம் அவரே உக்கார வெச்சு டீ வாங்கிக் குடுத்தாராம். டாக்டர் லெட்டர் வர்ற வரைக்கும் ஸ்டோர்ல வேல."

அப்பாடா. பசி வந்தது. பிரியாணி, கூடக் கத்தரிக்காய். பல் டாக்டர் மெல்லக் கூடாது என்றிருந்தார். மென்றேன்.

ஜூலை 26, சனி

வேலூர். தேவராஜ் அண்ணனுக்கு நேற்று ராத்திரி தூக்கப் பரிசோதனை. காலையில் போய்ப் பார்த்தேன். தலைமுடி முழுக்க ஒயர் ஒட்டிய பசை. "ஒயர் சுத்தி படுக்க வெச்சுட்டு தூங்குன்னா எப்பிடி மேடம்? ஆனா தூங்கிட்டேன்!"

படுத்தால் தொண்டை அடைத்துக்கொள்கிறதாம். கடுமையாகவே இருக்கிறது. மூக்கில் மாஸ்க் வைத்துக் காற்றடிக்கும் மெஷின் தந்திருக்கிறார்கள். எடையும் குறைக்க வேண்டும். எஸ்தர் அந்தக் குழாயைத் தடவிப் பார்த்து, "யானை மாதிரி இருப்பப்பா," என்றாள்.

டாக்டர் மேடம் அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கண்டித்தார். ஆய்வு என்றால் என்ன, பட்டையை மாற்றிக் கட்டினால் என்ன ஆகும் என்று நிறைய. முடித்துவிட்டு, படித்து முடித்ததும் தன்னிடம் வேலைக்கு வரச் சொன்னார். இதில் எது கண்டிப்பு?

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வாணியம்பாடிப் பள்ளியில் வேலை. மழை. ஒரு பட்டையை ஆட்டுக்குட்டி கடித்துவிட்டது. மேடத்திடம் எப்படிச் சொல்வது?

எஸ்தர் தன் அம்மா ஃபோனிலிருந்து ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தாள்: "மிஸ், மொத ரெண்டு நாள் அப்பா மாஸ்க்க பிடுங்கி எறிஞ்சாரு. பேஜார் பண்ணிட்டாரு. இப்ப அவரே தேடி மாட்டிக்கிறாரு. இன்னிக்கி அலாரத்துக்கு முன்னாடியே எழுந்துட்டாரு!"

இரண்டு முறை கேட்டேன். சரி, மூன்று முறை.

செப்டம்பர் 1, திங்கள்

டாக்டர் லெட்டர் கிடைத்து, தேவராஜ் அண்ணன் இன்று மறுபடி பஸ் எடுத்தார். சுகந்தி அக்காவிடம் கேட்டேன், எப்படிப் போனது என்று. "பழக்க தோஷத்துல பேச ஆரம்பிச்சேன் மிஸ். சும்மா வாடி, ரோட்ட பாக்கணும்னுட்டாரு. ஜன்னல்ல சாஞ்சவதான், கம்பெனி கேட் வந்ததே தெரியல. எழுப்பி விட்டாங்க."

செப்டம்பர் 4, வியாழன்

மேகம், நல்ல காற்று. எஸ்தரின் சொந்தத் தூக்கத்தை அளக்க மேடம் அனுமதி தந்திருந்தார். செவ்வாயன்று நானே கட்டிவிட்டேன். சும்மா ஒரு பார்வைக்காக இன்று பள்ளிக்குப் போனேன். முதல் மணி அடித்து வெகுநேரம் கழித்து ஓடி வந்தாள், ஒரு பின்னல் மட்டும் போட்டு, மறுபக்கம் முடி விரிந்தபடி. வாசலிலேயே ஹெச்.எம். பிடித்துக்கொண்டார்.

"இன்னாடி லேட்டு?"

"தூங்கிட்டேன் மிஸ்."

பத்து நிமிஷம் வெளியே நிற்கச் சொல்லிவிட்டார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பட்டை கட்டிய கையால் வாயைப் பொத்திக்கொண்டு, பெரிதாக ஒரு கொட்டாவி.