ஆஸ்பத்திரி வாசலில் நின்ற வண்டி

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தோட்டத்து ஊடு,
பிரஜோற்பத்தி வருஷம் மார்கழி மாதம் 7ந் தேதி, செவ்வாய்க்கிழமை.

மகாராஜராஜஸ்ரீ மாப்பிள்ளை நல்லமுத்து அவர்கள் சமூகத்துக்கு மாமன் நஞ்சப்பன் எழுதிக்கொண்டது. இங்கே மழை ஓய்ந்துவிட்டது. மாடுகள் சுகம். மனிதர்களைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். தாங்கள் ஏலப்பாறையில் தேயிலைத் தொழிற்சாலைப் பரண்மேல் இலை உலர்த்திக்கொண்டு சௌக்கியமாக இருப்பதாக ராக்கப்பன் வந்து சொன்னான். அவனும் உங்களைப் போல மலைக்கு இலை உலர்த்தப் போனவன்தான். எழுதப் படிக்கத் தெரியாதவன். ஆனாலும் வருஷத்துக்கு நாலு கார்டு யாரையாவது பிடித்து எழுதிப்போட்டுவிடுகிறான். தாங்கள் எட்டாவது வரை படித்தவர்கள். ஆறு மாதமாக ஒரு வரி இல்லை. படிப்பு அதிகமானால் கை வராது போலிருக்கிறது.

போகட்டும். மாப்பிள்ளை மேல் சர்க்கார் ஒரு வழக்குப் போட்டிருக்கிறது. பயப்பட வேண்டாம், கொலையுமல்ல, களவுமல்ல. கார்த்திகை 10ந் தேதி டவுன் ஆஸ்பத்திரி வாசலில், பொது ரஸ்தாவில், காலையிலிருந்து விளக்கு வைக்கும் வரை மாட்டை அவிழ்த்துவிட்டு வண்டியை நிறுத்திவைத்தீர்கள் என்பது குற்றம். அன்றைக்கு நீங்கள் மலைமேல் இருந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். நகரசபைச் சேவகனுக்குத் தெரியாது. வண்டியின் பக்கப்பலகையில் அடித்திருக்கும் தகட்டில் என்ன பெயர் இருந்ததோ அதைப் பார்த்து எழுதிக்கொண்டு போய்விட்டான்.

அந்தப் பெயரை எழுதிவைத்த முட்டாள் நான்தான். சீர் வண்டியில் மாப்பிள்ளை பெயர் இருக்க வேண்டும் என்பது நம் பக்கத்து வழக்கம். கொடுத்தவன் தன் பெயரைப் போட்டுக்கொண்டால் பந்தலில் சிரிப்பார்கள். அதற்காக டவுனுக்குப் போய், நகரசபை லைசென்ஸையும் உங்கள் பெயரிலேயே வாங்கி, பெயர்ப்பலகை எழுதுகிற சுவக்கீனைக் கொண்டு நீலத்தில் வெள்ளை எழுத்தாக எழுதவைத்தேன். ஊரே வந்து பார்த்தது. இப்போது கோர்ட்டும் பார்த்துவிட்டது.

அந்தச் சேவகனைப் பற்றியும் சொல்ல வேண்டும். காக்கிக் கோட்டு இருக்கிறது, உள்ளே ஆள் இருக்கிறானா என்று தேடித்தான் பார்க்க வேண்டும். வண்டிகளை அரை மைல் தள்ளி இருக்கிற வண்டிப்பேட்டையில்தான் விட வேண்டுமாம். அதைச் சொல்லும் அறிவிப்பு ஆஸ்பத்திரி மதிலில் இங்கிலீஷில் தொங்குகிறது. மாடு ஓட்டுகிறவன் எவன் இங்கிலீஷ் படித்திருக்கிறான் என்று அதை எழுதினார்களோ. நான் உள்ளே இருந்த நேரம் பார்த்து நோட்டீஸை நுகத்தடிப் பூட்டாங்கயிற்றில் முடிந்துவிட்டுப் போயிருக்கிறான். அதில் கடைசி வரி, 'வண்டியின் உடையவரைப் பலமுறை கூப்பிட்டும் வரவில்லை' என்று இருக்கிறது. உங்களைப் பற்றி எழுதியதில் அந்த ஒரு வரிதான் நிஜம்.

நான் ஏன் உள்ளே இருந்தேன் என்று கேட்பீர்கள். கேட்காவிட்டாலும் சொல்கிறேன். மயிலாத்தாளுக்கு வலி கண்டு இரண்டு நாளாகியும் ஒன்றும் ஆகவில்லை. மருத்துவச்சி என்னால் முடியாது என்று கையை விரித்துவிட்டாள். விடியுமுன் வண்டியில் வைக்கோல் பரப்பிப் படுக்கவைத்துக்கொண்டு ஓட்டினேன். பதின்மூன்று மைல். பாலம் தாண்டும்போது என் மகள் சத்தம் போடுவதை நிறுத்திவிட்டாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவளைக் கையில் தூக்கிக்கொண்டு உள்ளே போனவனுக்கு வண்டிப்பேட்டை எந்தத் திக்கில் இருக்கிறது என்று விசாரிக்கத் தோன்றவில்லை. வாசலில் நின்ற யாரோ ஒரு புண்ணியவான் மாடுகளை அவிழ்த்துத் தண்ணீர் காட்டியிருக்கிறான். குற்றம் அது.

சாயங்காலம் ஆண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்துக்கொண்டார்கள். உங்களைப் போலவே முன்நெற்றி ஏறியிருக்கிறது. வேறு எதிலும் உங்களைப் போல இருக்க வேண்டாம் என்று உங்கள் அத்தை தினமும் சாமியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நேற்று பெஞ்சுக் கோர்ட்டில் வழக்கு. வக்கீல் வெங்கிடேஸ்வரய்யரிடம் போனேன். அவர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "ஓய், வண்டி என்னுதுதான்னு சொல்லி ஒத்த ரூபாயைக் கட்டிட்டுப் போறதை விட்டுட்டு ஏன் இப்படி அலையறீர்?" என்றார். வாதாட வேண்டும் என்றேன். ஒரு ரூபாய் வழக்குக்கு வாதாடினால் கல்பாத்தித் தெருவில் தலைகாட்ட முடியாது என்று அனுப்பிவிட்டார். நானே போய் நின்றேன்.

பெஞ்சு என்று பெயரே தவிர நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். மூன்று பேர். ஒருவர் அரிசி மில் முதலாளி, ஒருவர் ஜவுளிக்கடை, மூன்றாமவர் பென்ஷன் வாங்கிய ஏதோ உத்தியோகஸ்தர். அவர் வந்ததிலிருந்து தூங்கினார். எழுந்தால் நியாயமாக ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று மற்ற இருவரும் சத்தம் போடாமல் பேசிக்கொண்டார்கள். கோர்ட்டு டவாலிச் சேவகன் வாசலில் நின்று, நல்லமுத்து ஆஜருண்டோ என்று மலையாளத்தில் மூன்று முறை கூவினான். மூன்று முறையும் ரஸ்தாவில் போகிறவர்கள்தான் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் உள்ளே போய்க் கும்பிட்டேன். நீதான் நல்லமுத்தா என்று மில் முதலாளி கேட்டார். நான் அவர் மாமன் என்றேன். வண்டி யாருடையது என்றார். குமாஸ்தா நல்லவன் போலிருக்கிறது, அவனே எனக்கு வழியும் சொல்லிக் கொடுத்தான். வண்டி எனது என்று சொன்னால் ஒரு ரூபாயோடு முடியும். தகட்டைக் கழற்றி என் பெயரில் புதுத் தகடு அடித்துக்கொள்ளலாம். எனதில்லை என்றால் உடையவர் நேரில் வர வேண்டும், வராவிட்டால் லைசென்ஸ் ரத்தாகும், பெயரை வெட்டிவிடுவார்கள். கை நிறையச் சில்லறை வைத்திருந்தேன். மூன்று பேரும் சாப்பாட்டு நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாப்பிள்ளை, ஆனி மாதம் கடலைக் காட்டில், கூலியாட்கள் இருபது பேர் முன்னால், நான் உங்களைப் பார்த்து, "எம்பட வண்டியில இருந்து எறங்குடா" என்று சொன்னேன். விதைக் கடலை நனைந்ததற்குச் சொன்னது. நனையவிட்டது நீங்கள்தான், அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஆனால் கொடுத்த சீரைத் திருப்பிக் கேட்டது போலச் சபையில் சொன்ன ஆள் இந்த ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நீங்கள் இறங்கினீர்கள். மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெற்கே நடந்தீர்கள். நாலு மாதக் கர்ப்பிணி ஊட்டில் இருக்கிறாள் என்கிற நினைப்பு இல்லாமல் நடந்தீர்கள். கோபத்தில் ஒருவன் மைல் கணக்காக நடக்கலாம், மலை ஏறுகிற வரைக்குமா நடப்பான். அந்த நடையைப் பற்றி என் அபிப்பிராயம் ரொம்பக் கேவலமானது. என் வாயைப் பற்றி என் அபிப்பிராயம் அதைவிடக் கேவலமானது.

அதனால் நேற்று, வண்டி என்னுடையது அல்ல என்று சத்தியம் செய்து சொன்னேன். அப்படியென்றால் நீ யார் என்று ஜவுளிக்கடைக்காரர் கேட்டார். ஓட்டுகிறவன் என்றேன். எனக்கு இருபது ஏக்கர் தோட்டம் இருப்பது அவருக்குத் தெரியும், அவர் கடையில்தான் உங்கள் கல்யாணத்துக்குச் சேலை எடுத்தேன். சிரித்தார்கள். தூங்கினவரும் எழுந்து சிரித்தார். குமாஸ்தா எழுதிக்கொண்டான். வழக்கைத் தை மாதம் 12ந் தேதி, திங்கட்கிழமைக்குத் தள்ளிவைத்தார்கள்.

ஜெயித்து வந்தவன் போல ஊட்டுக்கு வந்தேன். மயிலாத்தாள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு, "ஏனுங்கப்பா, ஒரு ரூவாயக் கட்டிப்போட்டுத் தகட்டுல எம்பட பேரை எழுதச் சொல்லியிருக்கலாமுங்களே" என்றாள். அழவில்லை. உப்புப் புளி வாங்கிவரச் சொல்கிற குரலில் சொன்னாள். அவளே ஆள் அனுப்பியிருக்கிறாள் போல, இன்று காலை சுவக்கீன் தூரிகையும் பெயிண்ட் டப்பாவுமாக வாசலில் வந்து நின்றான். நான் வழக்கு முடியட்டும் என்று திருப்பி அனுப்பினேன். தை 13ந் தேதி வரச் சொல்லு என்று உள்ளேயிருந்து என் மகள் குரல் கொடுத்தாள். அவள் என் மகள். சொன்னால் செய்வாள். அந்தப் பெயர் போய்விட்டால் பிறகு இந்த ஊட்டில் உங்கள் பெயர் எழுதிய பொருள் வேறு ஒன்றும் இல்லை. பிள்ளைக்கும் இன்னும் பெயர் வைக்கவில்லை. கேட்டால் பார்க்கலாம் என்கிறாள்.

கடிதம் எழுதி என்னைச் சமாதானம் செய்ய வேண்டாம். உங்கள் கையெழுத்தின் மேல் எனக்கு ஆசை கிடையாது. கங்காணி லீவு தரமாட்டான் என்று சொல்வீர்கள். வழக்குக்குப் போகிறேன் என்று இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள், சர்க்கார் பெயரைக் கேட்டால் அவர்கள் எல்லாரும் எழுந்து நிற்பார்கள். மலை இறங்கி, கம்பம் வழியாகத் திண்டுக்கல் வந்து ரயில் ஏறினால் பொள்ளாச்சி. தை 9ந் தேதியிலிருந்து மூன்று நாளும் நான் பொள்ளாச்சி ஸ்டேஷனில் இருப்பேன். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் தாண்டிப் போய்விடுங்கள், நான் கூப்பிட மாட்டேன்.

நீங்கள் நன்றாக இருக்க வேண்டும், அதைக் கோபத்தோடுதான் சொல்ல வருகிறது, இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும். அபராதத்தை நான் கட்டுகிறேன், பெஞ்சுக்காரர்கள் முன்னால் தலைகுனிய வேண்டியதையும் நானே குனிந்துகொள்கிறேன். கோர்ட்டு வாசலில் பிள்ளையோடு ஒருத்தி உட்கார்ந்திருப்பாள், வரமாட்டேன் என்கிறாள், நான் எப்படியாவது கூட்டிவருகிறேன். டவாலி உங்கள் பெயரை மூன்று முறை கூப்பிடுவான். மூன்றாவது முறைக்காவது ஆஜர் என்று சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
மாமன் நஞ்சப்பன்