அம்மா எழுதிய உலக வரலாற்றுத் தாள்

தண்டையார்ப்பேட்டை,
செப்டம்பர் 18.

அன்பு மகள் சுஜாவுக்கு அப்பா ராசையா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் சுகம். நீயும் மருமகன் அபினும் பேரப்பிள்ளையும் அதேபோலச் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நாள் தவறாமல் போனில் பேசுகிற அப்பா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் பேசும்போது அம்மா பக்கத்திலேயே இருக்கிறாள். நம் தெருக் கமாலுதீன் பாய் வெள்ளிக்கிழமை உங்கள் ஷார்ஜாவுக்குத் திரும்புகிறார். பிள்ளைக்கென்று அம்மா துவைத்து மடித்த பருத்தித் துணிகளை அவரிடம் கொடுத்துவிடுகிறோம். அந்தப் பொட்டலத்துக்குள் இதை அவளுக்குத் தெரியாமல் வைக்கிறேன்.

முதலில் சந்தோஷமான செய்தி. அம்மாவின் பி.ஏ. வரலாறு ரிசல்ட் போன வாரம் வந்தது. எல்லாத் தாளிலும் பாஸ். உலக வரலாற்றில் எழுபத்தெட்டு. எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. காசிமேட்டிலிருந்து மீன் கொண்டுவரும் முத்தம்மாவிடம் சொல்லிவிட்டேன். “இன்னா அண்ணாச்சி, டிகிரி வாங்கின அக்காவ இன்னும் பருப்பு அளக்க உட்டுகினு கீறியே” என்று நம் மளிகைக் கடை நடுவில் நின்று கேட்டாள். ஆனாலும் அன்றைக்கு முழுவதும் சந்தோஷத்தில் எனக்குப் பசியே எடுக்கவில்லை.

அம்மா படிப்பதை நீ பொழுதுபோக்கு என்றுதான் நினைத்திருந்தாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவளை ஸ்கூட்டரில் தொலைநிலைக் கல்வி வகுப்பில் கொண்டுவிட்டு, வராந்தாவில் உட்கார்ந்து பேப்பர் படிப்பேன். ஒரு நாள் இங்கிலாந்தில் ஆலைகள் வந்த காலத்தைப் பற்றிப் பாடம். அந்த ஊர்களில் எப்பேர்ப்பட்ட புகை, எத்தனை நோய் என்று ஆசிரியர் அருள்பிரகாசம் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா எழுந்து நின்றாள். மணலி ஆலைகள் பக்கமிருந்து காற்றடிக்கிற நாளில் நாங்களும் ஜன்னலைச் சாத்துகிறோம் சார், ஆனால் புகை நின்றால் வேலை போய்விடும் என்றும் எங்கள் தெருவில் பயப்படுகிறார்கள், அந்த ஊர் ஜனங்களும் அப்படிப் பயந்தார்களா, யாராவது அதை எழுதிவைத்திருக்கிறார்களா என்று கேட்டாள். அவர் தனக்குத் தெரியவில்லை, தேடிப் பார்த்துச் சொல்வதாகச் சொன்னார். அடுத்த வாரம் இரண்டு பக்கம் ஜெராக்ஸ் எடுத்துவந்து கொடுத்தார். கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இவள் இதையெல்லாம் யோசித்திருக்கிறாள். முப்பது வருடத்துக்கு மேல் கூடவே நின்ற எனக்குத் தெரியவில்லை.

இனி, எழுதவேண்டியதை எழுதுகிறேன்.

ஜூன் மாதம், பிரசவத்துக்கு முன் டாக்டர் உன்னைப் படுக்கையிலேயே இருக்கச் சொன்னார் என்றதும், அம்மா என்னை விசாவுக்கு எழுதிப்போடச் சொல்லிவிட்டு, பரணிலிருந்து பெட்டியை இறக்கிவிட்டாள். கடைசி வருடத் தேர்வுக்கு நாலு நாள் இருந்தது. ஹால் டிக்கெட்டை பீரோவில் போட்டுப் பூட்டினாள். “பரிச்ச அடுத்த வருசமும் வரும். எம்பிள்ளைக்கு இப்பத்தான நான் வேணும்?” என்றாள்.

விசா மறுநாளே வந்துவிட்டது, சுஜா. ஏஜெண்ட் என் போனுக்குத்தான் அனுப்பினார். நான் அதை அம்மாவிடம் காட்டவில்லை. பெயரில் பிழை இருக்கிறது, திருத்தப் பத்து நாளாகும் என்று உங்கள் இரண்டு பேரிடமும் ஒரே பொய்யைச் சொன்னேன். உன் மாமியார் அங்கே இருக்கிறார்களே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். காத்திருக்கிற நேரத்தில் பரீட்சையையாவது எழுது என்று அவளை அனுப்பினேன்.

கடைசித் தாளான உலக வரலாற்றுத் தேர்வன்று, அவள் உள்ளே எழுதிக்கொண்டிருக்கும்போது அபின் கூப்பிட்டுப் பிள்ளை பிறந்துவிட்டது என்றார். வெளியே வந்ததும் சொன்னேன். படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதாள். அன்று சாயங்காலம் என் போனில் விசாவைப் பார்த்துவிட்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அதற்குள் உன் சித்தப்பா மகன் ஜெரின், தேர்வு மையத்து வாசலில் அம்மா நிற்கிற படத்தைக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டான். விசா கதை பொய்தானே என்று நீ அவளிடம் கேட்டாய். “ஆமா” என்று மட்டும் சொன்னாள். பெற்ற பிள்ளையைவிடப் பரீட்சை பெரிதாகப் போய்விட்டதா, இனி நீ வரவே வேண்டாம் என்று போனை வைத்தாய். நான் பக்கத்தில்தான் நின்றேன். என் பேரை ஏன் சொல்லவில்லை என்று பிறகு கேட்டேன். “அவளுக்கு அப்பான்னா உசிரு. தூர தேசத்துல கெடக்க பிள்ளைக்கு அதயும் ஏன் கெடுக்கணும்?” என்றாள். மூன்று மாதமாக உன் கோபத்தை எனக்காகச் சுமக்கிறாள்.

ஏன் செய்தேன் என்று நீ கேட்பாய். கல்யாணத்தின்போது அம்மா நம் ஊர்ப் பக்கம் நாசரேத் கல்லூரியில் பி.ஏ. வரலாறு முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். சென்னைக்கு வந்து மீதியைப் படிக்கலாம் என்று பெண் பார்க்கப் போன அன்று வாக்குக் கொடுத்தவன் நான். கடைக்கு ஆளில்லை என்று நிறுத்தியவனும் நான்தான். அதைச் சொல்லி அவள் ஒரு நாளும் என்னைக் குத்திக்காட்டியதில்லை. பீரோ சாவியைத் திருப்பும் சத்தம் கேட்டபோது, இரண்டாம் தடவையும் படிப்பு நிற்கப்போகிறதே என்று எனக்குத் தாங்கவில்லை. அதற்காக உன் நோவுநேரத்தில் உன் அம்மாவை உன்னிடமிருந்து தடுத்தது நியாயமாகிவிடாது. கோபம் முழுவதையும் என் பேருக்கு மாற்றிக்கொள், மகளே. நான் தாங்கிக்கொள்வேன்.

ஆனால் அவளை ஒரு தரம் கூப்பிடு. ரிசல்ட்டைக் குழுவில் போட அவள் விடவில்லை. முத்தம்மாவிடம் நான் சொன்னதற்கே திட்டு வாங்கினேன். சுஜாவிடம் சொல்லிவிட்டுத்தான் மற்றவர்களுக்கு என்கிறாள். பிள்ளையின் முகத்தைக் காட்டு. இந்தக் கடிதத்தைப் பற்றி நானே பிறகு அவளிடம் சொல்லிக்கொள்கிறேன். பாஸாகிவிட்டேன் என்று அவள் தன் வாயால் சொல்லும்போது, அப்போதுதான் முதன்முதலாகக் கேட்கிறவளைப்போலக் கேள்.

உனக்கும் அபினுக்கும் கர்த்தர் துணையிருப்பாராக. பேரனுக்கு என் ஆசீர்வாதம். பாட்டியின் ஆசீர்வாதத்தை அவன் நேரில் வாங்கிக்கொள்ளட்டும், அதற்கு வழிவிடு.

இப்படிக்கு,
உன் அப்பா
ராசையா