வக்கீல் விழுங்கிய வரி

பாரிஸ், 1794. புதுக் காலண்டரில் இது பூ மாதமாம், நமக்கு ஏப்ரல் கடைசி.

என் கண்ணு பெரீனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே அடுப்பு எரிகிறது, ரொட்டி வேகிறது, நானும் உன் அம்மாவும் உயிரோடு இருக்கிறோம். பிலடெல்பியாவில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இனி உட்கார்ந்துகொண்டு படி. உன் தம்பி லாம்பேர் போய்விட்டான். போன வாரம் அவன் தலையை வாங்கிவிட்டார்கள்.

அவன் எழுதிய துண்டுப் பிரசுரங்கள் உனக்குத் தெரியும். முதல் பிரசுரமே எடை குறைக்கும் ரொட்டிக்காரர்களைப் பற்றி, அதுவும் என் ரொட்டிக்கடை மாடியில் உட்கார்ந்து எழுதினான். தெருவே சிரித்தது. பக்கத்துக் கடை ஒடில் வந்து, "பெத்த அப்பன் வயித்துலயே அடிக்கிறானே, வெளியே தள்ளுய்யா அவனை" என்றாள். "என் பிள்ளை, தப்பு பண்ணினா திட்டுவேன், தூக்கியா எறிவேன்?" என்றேன் நான். அவன் மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அப்புறம் ராஜாவைத் திட்டி எழுதி ஒரு குளிர்காலம் முழுக்க உள்ளே கிடந்தான். ராஜா போனதும் அடங்குவான் என்று பார்த்தால், பழைய சிறையை இடித்த கல்லில் புதுச் சிறை கட்டுகிறோம் என்று இந்த வருஷம் ஒன்று எழுதினான். பெயர் போடவில்லை. ஆனாலும் பிடித்துக்கொண்டு போனார்கள்.

எங்களுக்கு நம்பிக்கை இருந்தது. அச்சடித்தவன் ஊரைவிட்டே ஓடிவிட்டான், எழுதின தாள்களை உன் அம்மா அடுப்பில் போட்டுவிட்டாள், தெருவில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. "நான் எழுதலை" என்று அவன் சொன்னால் போதும், சிறைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உன் அம்மா அவனிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். கோர்ட்டில் அப்படியே சொன்னான். பிறகு அரசு வக்கீல் பிரசுரத்தை உரக்க வாசித்தார், தூக்கக் கலக்கத்தில் ஜபம் சொல்கிற மாதிரி. நடுவில் ஒரு வரியை விட்டுவிட்டார். லாம்பேர் எழுந்துவிட்டான். "குடிமகனே, ஒரு வரியை முழுங்கிட்டீங்க" என்றான். வக்கீல் தாளைக் கீழே வைத்து, "அப்படியா, நீங்களே சொல்லுங்களேன்" என்றார், ரொம்ப மரியாதையாக. அவன் மனப்பாடமாகச் சொன்னான், இந்தக் குடியரசு நம் பிள்ளை, தப்பு செய்தால் திட்டுவோம், தூக்கி எறியமாட்டோம் என்று. பின்வரிசையில் யாரோ ஒருத்தி கைதட்டினாள். அதோடு முடிந்தது.

முட்டாள், பெரீன், அவன் முட்டாள். அந்த வரி இல்லாவிட்டால் குடியரசுக்கு எதிரி எழுதியதுபோல் ஆகிவிடும், அதை அவனால் தாங்க முடியவில்லை. எனக்கு அவன் மேல் கோபமும் இருக்கிறது, பெருமையும் இருக்கிறது. உன் அம்மா பிசைந்த மாவையே திரும்பத் திரும்பப் பிசைகிறாள், என் முகத்தைப் பார்ப்பதில்லை. அந்தச் சொல்லை அவனுக்குக் கொடுத்தது நான்தானே.

குழந்தையைக் குளிரில் வெளியே விடாதே. மாப்பிள்ளையோடு சண்டை போடாதே. கடவுள் உங்கள் மூவரையும் காக்கட்டும். அவன் அனுப்பிய பிரசுரங்கள் உன்னிடம் இருந்தால் பத்திரமாக வை, இங்கே ஒன்றுகூட இல்லை. உனக்கு நான் எழுதும் கடிதங்களை எல்லாம் அவன் பிடுங்கி, "என்னப்பா இது, இப்படியா எழுதுவாங்க" என்று பாதியை அடித்துவிட்டுத்தான் தபாலில் போடுவான். இது அடிக்காமல் வருகிறது.

உன் அப்பா,
நிக்கேஸ்