கொதித்த பிறகும்

அன்புள்ள அக்கா,

போன் செய்தால் அத்தானிடம் கொடுத்துவிடுகிறாய், அதனால் எழுதுகிறேன். நேற்று எனக்கு முனைவர் பட்டம் உறுதியாகிவிட்டது. இனி என்னை டாக்டர் என்று கூப்பிடலாம். காய்ச்சல் என்று மட்டும் வந்து நிற்காதே.

கொதித்த பிறகும் வேலை செய்கிறது என்று நீ சொல்லி, பாதியில் விட்டுப்போன நொதியைத்தான் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டேன். "கொதிச்ச நொதி எங்கேயாவது வேலை செய்யுமாம்மா? சோதனைக் குழாயை ஒழுங்கா கழுவு" என்று உன்னைப் பார்த்துப் பேராசிரியர் சிரித்தாரே, அதே ஆய்வகத்தில் நான் சேர்ந்தது உனக்குப் பிடிக்கவில்லை. தெரியும்.

புதிதாகப் பிரித்தெடுத்துக் கொதிக்கவைத்தேன். ஜம்மென்று வேலை செய்தது. வேறொரு ஆய்வகம் செய்து பார்த்தபோதும் அதே முடிவுதான்.

நேற்று வாய்மொழித் தேர்வில் தேர்வாளர், "இதை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார்.

"நான் நிரூபிச்சேன், அவ்வளவுதாங்க. கண்டுபிடிச்சது எங்க அக்கா."

பேராசிரியர் எழுந்து நின்றார். "அந்தப் பொண்ணு சொன்னது சரி. அன்னைக்குத் தப்பு பண்ணது நான்தான். திரும்பி வரச் சொல்லும்மா, விட்ட இடத்துலேர்ந்து தொடரட்டும்" என்றார். எல்லோர் முன்னாலும், அக்கா.

இதைப் பற்றி இதழுக்கு அனுப்பும் கட்டுரையில் உன் பெயர்தான் முதலில். பாப்பாவைப் பள்ளியிலிருந்து கூட்டிவர அத்தான் சம்மதித்துவிட்டார். நான் கேட்ட விதம் அப்படி.

உன் அளவுக்கு வெள்ளை அங்கி தைத்து, என் மேசைக்குப் பக்கத்து நாற்காலியில் மாட்டியிருக்கிறேன். திங்கட்கிழமை வந்து போட்டுக்கொள்.

உன் தங்கை