எந்தத் தேதியில் பிரிந்தோம்

பிப்ரவரி 3, தண்டர் பே, கனடா

இன்று மாலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு என் பல்துலக்கியை மாடிக் குளியலறையிலிருந்து கீழ்க் குளியலறைக்கு மாற்றினேன். முப்பத்து நான்கு ஆண்டு மணவாழ்க்கை அத்துடன் முறைப்படி முடிவுற்றது. என் மனைவி சீர்க்கா நேரில் கண்ட சாட்சி. "சோப்பையும் எடுத்துட்டுப் போ, ரைமோ" என்றாள்.

பிப்ரவரி 11

பாகப்பிரிவினைக்குச் சமரசம் பேசும் பெல்டியர் அம்மையாரிடம் போனோம். குடிநீர் நிலையத்தில் முப்பத்தொரு வருடம் வால்வு திருகியதில் சேர்ந்த என் ஓய்வூதியம், வீட்டைவிட விலை கூடியதாம். மே மாதம்தான் கைக்கு வரத் தொடங்கும். விலை இப்போதே போட வேண்டும். அதில் பாதி சீர்க்காவுக்கு. போதுமான அளவு வந்தால் வீட்டை அவளே வைத்துக்கொள்ளலாம். குறைந்தால் விற்க வேண்டியதுதான். நான் எண்பத்து நான்கு வயதுவரை இருப்பேன் என்று வைத்துக் கணக்கிடுவார்களாம்.

"எண்பத்து நாலா? இந்த ஆளு வெண்ணெய் திங்கிறத அவங்க பாத்ததில்ல போல" என்றாள்.

பிப்ரவரி 15

சனிக்கிழமை. கொல்லைச் சவுனாவில் நீராவிக் குளியல். சீர்க்கா என் முதுகு தேய்த்துவிட்டாள்.

பிப்ரவரி 25

ஓய்வூதிய அலுவலகத்துப் படிவத்தில், பிரிந்த தேதியை இருவரும் ஒன்றாக எழுத வேண்டும். அன்றைய விலைதான் விலை. நான் பிப்ரவரி 3 என்றேன். பல்துலக்கியே சான்று.

"நான் உன்ன விட்டது போன ஆகஸ்ட்லயே. உனக்கு விவரம் லேட்டா வந்து சேந்துது" என்கிறாள்.

அக்டோபரில் எனக்குச் சம்பளம் உயர்ந்தது. ஆகவே என் தேதிப்படி அவளுக்குப் பத்தொன்பதாயிரம் டாலர் கூடுதல். அவள் தேதிப்படி எனக்கு லாபம். அவரவர் நஷ்டத்துக்கே வாதாடுபவர்களை இப்போதுதான் பார்ப்பதாக அம்மையார் சொன்னார். நஷ்டம் கிடக்கட்டும் — விட்டது யார்?

மார்ச் 4

கடைசியாகச் சேர்ந்து என்ன செய்தீர்கள் என்று அம்மையார் கேட்டார். சவுனா. எப்போது? போன சனிக்கிழமை. அதற்கு முன்? எல்லாச் சனிக்கிழமையும். பேனாவை மூடினார்.

"அப்போ நான் எந்தத் தேதிய எழுதறது?"

சவுனா கொல்லையில் இருக்கிறது, வீட்டுக்குள் அல்ல என்று விளக்கினேன். இந்த ஒன்றில் மட்டும் சீர்க்கா என் பக்கம்.

"அது வேற, இது வேறங்க. புருஷன விட்டுட்டா சனிக்கிழம குளிக்காம இருக்கணுமா?"

மார்ச் 19

படிவம் திரும்பி வந்தது. ஒரே கட்டத்தில் இரண்டு தேதி எழுதியிருந்தோம்.

மார்ச் 30

புதுப் படிவம் சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது. இருவரும் அதைச் சுற்றித் தட்டு வைத்துச் சாப்பிடுகிறோம்.

மே 1

ஓய்வு பெற்றேன். ஓய்வூதிய அலுவலகத்திலிருந்து கடிதம்: பிரிந்த தேதி எதுவும் பதிவில் இல்லாததால், எனக்குப் பின் ஓய்வூதியத்தில் அறுபது சதவீதம், மனைவி சீர்க்கா லெஹ்தோலாவுக்கு, அவர் ஆயுள்வரை.