துணி நன்றாகத்தான் இருந்தது

இன்று காலை கடையில் பாலராமபுரத்துக் கைத்தறி வேட்டி மூட்டை ஒன்றைப் பிரித்தார்கள். கஞ்சி மணம் குப்பென்று முகத்தில் அடித்தது. ஓணத்துக்குச் சில வாரங்களே இருக்கின்றன. மருமகன் முண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார், நான் கல்லாவில் இருந்தேன். அந்த மணம் வந்ததும் என் வலது கை தானாகவே ஒரு முண்டின் ஓரத்தை எடுத்து, பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்தது. நீங்கள் செய்வீர்களே, அதே மாதிரி. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. எதிரே நின்ற பெண்ணிடம், பாவம், காரணமே இல்லாமல் வள்ளென்று விழுந்தேன்.

சபை மலருக்கு மறைந்த கணவரைப் பற்றி நான்கு வரி கேட்டார்கள். அமைதியானவர், பொறுமையானவர், யாரையும் கடிந்து பேசாதவர் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அதெல்லாம் அவர்களுக்கு. உங்களிடம் சொல்ல வேண்டியது வேறு. நீங்கள் போய் மூன்று ஓணம் ஆகிறது, இன்னும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

மூத்திரக்கல்லாக இருக்கும் என்று வயிற்றை ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில்தானே அது தெரிந்தது? கல் ஒன்றும் இல்லை. வயிற்றுக்குள் இறங்கும் பெரிய ரத்தக்குழாய் ஓரிடத்தில் புடைத்து, சுவர் மெலிந்து நின்றது. வெடித்தால் பிழைப்பது கஷ்டம் என்றார் டாக்டர். முன்பெல்லாம் வயிற்றை நெடுக்கக் கீறித்தான் இதைச் சரிசெய்வார்களாம். வருஷக்கணக்காக நீங்கள் ஊதித் தள்ளிய சிகரெட்டில் நுரையீரல் இருந்த லட்சணத்துக்கு அது தாங்காது. ஆகையால் புது முறை. தொடை இடுக்கில் இரண்டு பக்கமும் சிறு துளை போட்டு, மடக்கிய குடை மாதிரி ஒரு துணிக்குழாயை ரத்தக்குழாய் வழியாகவே ஏற்றி, புடைத்த இடத்தில் விரித்துவிடுவார்கள். ரத்தம் துணிக்குள்ளே ஓடும், மெலிந்த சுவரில் மோதாது. அந்த மலையாளி டாக்டர், நம் மகள் வயதுதான் இருக்கும், நமக்காகத் தமிழில் அவ்வளவு பாடுபட்டு விளக்கினார்.

பிறகு மேசை டிராயரிலிருந்து மாதிரிக்கு ஒன்றை எடுத்து உங்கள் கையில் கொடுத்தார். அங்கேதான் எல்லாம் கெட்டது.

அதுவரை முகம் வெளிறி உட்கார்ந்திருந்த மனிதருக்கு எங்கிருந்து உயிர் வந்ததோ தெரியவில்லை. கம்பி வளையம் வைத்துத் தைத்த அந்த வெள்ளைத் துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தீர்கள். தேய்த்தீர்கள். காதருகே கொண்டுபோய் இழுத்துக்கூடப் பார்த்தீர்கள். "இது எத்தனாம் நம்பர் நூலு டாக்டரே?" என்று கேட்டீர்கள். அவர் சிரித்துவிட்டார். நீங்கள் அதை என் கையில் வைத்து, "தொட்டுப் பாரு பிள்ளே. என்னா ஒரு நெய்த்து! நம்ம ஆயுசுக்கும் கிழியாது, கேட்டியா" என்றீர்கள்.

டாக்டர் உடனே சொன்னார். எனக்கு ஒவ்வொரு சொல்லும் நினைவிருக்கிறது. "துணி கிழியாது, சரியாணு. பக்ஷே அது பிடிச்சு நிக்கிற எடத்த நம்ம பாத்துட்டே இருக்கணும். ஒரு மாசத்துல ஒரு ஸ்கேன், ஆறு மாசத்துல ஒண்ணு, பின்ன வருஷா வருஷம். மறக்கருது." மறக்கக் கூடாது என்றதற்கு நீங்கள் தலையை ஆட்டினீர்கள். கண் துணியில் இருந்தது.

சாலைக் கடைத்தெருவில் பாதி வாழ்நாளைக் கழித்தவர் நீங்கள். துணி நல்லது என்று உங்கள் விரல் சொல்லிவிட்டால் அதற்கு மேல் தீர்ப்பு கிடையாது. மில்காரன் சொன்னாலும் கேட்க மாட்டீர்கள், பிறகு டாக்டர் எம்மாத்திரம்?

அதற்குத் தோதாக ஆபரேஷன் காயமும் அமைந்தது. உங்களுக்காக ஜெபக்குழுவில் உபவாசம் இருந்தார்கள். போதகர் வந்து எண்ணெய் பூசி அழுதுவிட்டுப் போனார். நீங்களோ சில நாட்களில் நடந்து வீட்டுக்குள் வந்து, "மீன்கறி இருக்கா?" என்றீர்கள். பார்க்க வந்தவர்கள் ஆரஞ்சும் ஹார்லிக்ஸுமாகச் சுற்றி உட்கார்ந்துகொண்டு காயத்தைக் காட்டச் சொன்னார்கள். நீங்கள் லுங்கியை ஒதுக்கி அந்த இரண்டு சிறு தழும்புகளையும் காட்டினீர்கள். அடுத்த வீட்டு ஞானதாஸ் அண்ணனின் முகம் விழுந்துவிட்டது. நெஞ்சைப் பிளந்து பைபாஸ் செய்துகொண்டு, அந்தத் தழும்பைக் காட்டுவதற்கென்றே சட்டைப் பொத்தானைத் திறந்து போட்டுத் திரிபவர் அவர். "இதுக்கா நாங்க பட்டினி கெடந்தோம்?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தீர்கள். கொசுக்கடி அளவு காயம் பட்டவனுக்குப் பெரிய நோய் வந்ததாக யாராவது நம்புவார்களா? நீங்களே நம்பவில்லை.

முதல் இரண்டு ஸ்கேனுக்கும் என் பின்னால் முணுமுணுத்துக்கொண்டே வந்தீர்கள். எல்லாம் சரியாக இருந்தது. அதுவே உங்களுக்கு வசதியாகப் போயிற்று. வருஷம் முடிந்து அடுத்த ஸ்கேன் வந்தபோது ஓணம். கழக்கூட்டத்துக் கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள் ஆபீஸில் ஓணம் கொண்டாட மொத்தமாகச் சரிகைக் கரை போட்ட கசவு முண்டு கேட்டு வந்த வருஷம் அது.

"ஸ்கேனுக்குப் போவாண்டாமா?"

"ஓணம் கழியட்டு பிள்ளே."

ஓணம் கழிந்தது. கிறிஸ்துமஸ் வந்தது. பிறகு கல்யாண சீசன். "கடையில வருசத்துக்கொருக்க ஸ்டாக் எடுக்குதியளே, அதுல மட்டும் ஒரு வருசமாவது விட்டிருக்கியளா?" என்று நான் கத்தினேன். "சரக்கு மோசமா இருந்தாத்தான பாக்கணும்? இது முதல் தர சரக்கு. சவத்த விடு" என்றீர்கள். எத்தனை 'சவத்த விடு'! மழையில் கூரை ஒழுகினாலும், தம்பி சண்டை போட்டாலும், வயிற்றுக்குள் சாவு உட்கார்ந்திருந்தாலும் உங்களுக்கு ஒரே மருந்து அதுதான். உங்களோடு சண்டை போட்டு ஒருநாளும் நான் ஜெயித்ததில்லை. நீங்கள் குரலை உயர்த்தினால்தானே பதிலுக்கு உயர்த்த முடியும்?

ஈஸ்டர் முடிந்த வாரம். மதியம் கடையில் முதுகு வலிக்கிறது என்று உட்கார்ந்தீர்களாம். மூட்டை தூக்கியதால் வந்த வலி என்று நினைத்து, பையனைத் தைலம் வாங்க அனுப்பினீர்களாம். தைலம் வருவதற்குள் வியர்த்துச் சரிந்துவிட்டீர்கள். ஆஸ்பத்திரியில் நான் போய்ச் சேர்ந்தபோது உங்களை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். கதவு திறந்தபோது அந்த டாக்டர் மட்டும் வெளியே வந்தார்.

என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்துதான் சொன்னார். "துணிக்கு ஒரு கொழப்பமும் இல்லா அம்மா. அது பிடிச்சு நின்ன குழாய்தான் கொஞ்சம் கொஞ்சமா அகன்னு போச்சு. துணி கீழ நழுவிருச்சு." பழைய புடைப்புக்குள் மறுபடி ரத்தம் புகுந்து வெடித்துவிட்டது. அந்த வருஷத்து ஸ்கேனில் நழுவத் தொடங்கியது தெரிந்திருக்கும் என்றார். மேலே இன்னொரு சிறு துண்டை அதே துளை வழியாக ஏற்றி ஒட்டுப் போட்டிருக்கலாமாம். ஒட்டு! கிழிந்த முண்டைத் திருப்பிக் கொடுக்க வருகிறவனுக்குக்கூடப் பொறுமையாக ஒட்டுப் போட்டுக் கொடுத்த மனிதருக்கு ஒரு ஒட்டுப் போட நேரமில்லாமல் போயிற்று.

இப்போது இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் கஞ்சி மணம் மட்டும் இல்லை. நம் சபையில் பாக்கியமணி என்று ஒருவர், பாடகர் குழுவில் கனத்த குரலில் பாடுவாரே, அவருக்கும் போன வருஷம் இதே துணிக்குழாயை வைத்தார்கள். பார்க்கப் போனேன். அதே ஆரஞ்சு, அதே ஹார்லிக்ஸ். "பாருங்கக்கா, இவ்வளவுதான் காயம்" என்று சிரித்தார். "ஸ்கேன் என்னைக்கி?" என்று கேட்டேன். சிரிப்பு நின்றுவிட்டது. அன்றிலிருந்து என்னைக் கண்டால் சபைக் கோயில் வாசலில் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். நான் விடவில்லை. வருஷ ஸ்கேனை ஓணம் கழிந்து பார்க்கலாம் என்று அவர் மனைவியிடம் சொன்னாராம். நேற்றுக் காலை ஆட்டோவோடு அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். சாப்பிடாமல் வாருங்கள் என்று முன்தினமே சொல்லி வைத்திருந்தேன்.

ஸ்கேன் முடிந்து வெளியே வந்தவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். வழி நெடுக ஆட்டோவில் என்னை ஏசினார். "ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. எல்லாம் நல்லாத்தான் இருக்காம். சும்மா கெடந்தவன வெறும் வயித்தோட இழுத்துட்டு வந்து ஒரு நாளக் கெடுத்துட்டீங்களேக்கா!"

கிழக்கே கோட்டை ஸ்டாப் தாண்டும்வரை நான் வெளியே பார்த்தபடி அழுதுகொண்டிருந்தேன். அவர் பயந்துபோய், "தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். அவருக்கு என்ன தெரியும்? அந்த ஏச்சு எனக்கு வர வேண்டியது. அந்த வருஷம், ஓணத்துக்கு முந்தின ஒரு காலையில், அதே ஆட்டோவில், நீங்கள் என் பக்கத்தில் உட்கார்ந்து ஏசியிருக்க வேண்டியது.